சல்லடைமேல் உட்கார்ந்த நாள்

எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் சிலர் இன்னும் என்னைச் சல்லடைக்காரி என்றுதான் சொல்கிறார்கள். கேலியாகச் சொல்கிறார்களா, மரியாதையாகச் சொல்கிறார்களா என்று நான் விசாரித்ததில்லை. பேருக்குக் காரணமான சங்கதியை மட்டும் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். நான் அதிகாரியை அடித்தேன் என்றுகூட ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அடிக்கவில்லை. உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

நான் பிறந்தது திண்டுக்கல் டவுனில். அப்பா மாதா கோயில் பங்குப் பள்ளிக்கூடத்து வாத்தியார். கன்னியர் நடத்திய பள்ளியில் எட்டாவது வரை படித்தேன். ஐம்பதுகளின் கடைசியில் வேடசந்தூருக்குக் கிழக்கே உழுது பிழைக்கிற ஒரு கிறிஸ்தவச் சம்சாரி வீட்டில் வாழ்க்கைப்பட்டேன். செம்மண் காடு, ஒரு கிணறு, ஒரு சோடி மாடு. கிணற்றில் தண்ணீர் இருக்கும் அளவுக்குத்தான் வெள்ளாமை. அந்தத் தண்ணீரை நம்பிச் செய்தது சின்ன வெங்காயம்.

டவுன்காரிக்கு வெங்காயம் என்றால் கடையில் வாங்கி வருவது. ஊன்றுவது, களையெடுப்பது, பிடுங்குவது, தாளோடு உலர்த்துவது, பிறகு தாளை அறுத்து மண் தட்டிச் சாக்கில் கட்டுவது, எல்லாவற்றையும் கல்யாணத்துக்குப் பிறகு, இடுப்பு ஒடிய ஒடியக் கற்றேன். விரல் நகத்துக்குள் ஏறிய வாசம் பூசைக்குப் போகும்போதும் போகாது. ஆனால் ஒரு பெருமை இருந்தது. எங்கள் வெங்காயம் கடல் தாண்டிப் போனது. திண்டுக்கல் மண்டியிலிருந்து ரயிலில் தூத்துக்குடிக்கு, அங்கிருந்து தோணியில் கொழும்புக்கு. அங்கே தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் இருக்கிற நம் சனங்களுக்கு இது இல்லாமல் குழம்பு இறங்காது என்று மண்டிக்காரர் சொல்லுவார். பார்க்காத ஊரில் யாரோ ஒருத்தி என் வெங்காயத்தை உரித்துக் கண் கசக்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் களையெடுத்திருக்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் புதுச் சட்டம் ஒன்று வந்தது. வெளிநாட்டுக்குப் போகிற சரக்கை அரசாங்கத்து ஆட்கள் தரம் பார்த்து, முத்திரை வைத்த பிறகுதான் ரயிலில் ஏற்ற வேண்டும் என்றது அது. முதலில் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. சில வியாபாரிகள் அழுகலையும் ஈரச் சரக்கையும் மூட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டி, கொழும்பில் மூட்டையைப் பிரித்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டதாகப் புகார் வந்திருந்தது. யாரோ செய்கிற அயோக்கியத்தனத்துக்கு நம் ஊர்ப் பேர் கெடுகிறதே என்று வயிறெரிந்தவள் நான். அழுகல் பார்ப்பார்கள், ஈரம் பார்ப்பார்கள், நல்லதுதானே என்று இருந்தேன்.

அவர்கள் அழுகலும் ஈரமும் பார்த்தார்கள். கூடவே ஒரு சல்லடையும் கொண்டுவந்தார்கள்.

நீளமான மரச்சட்டத்தில் கம்பி வலை அடித்த சல்லடை. அதில் சரக்கைக் கொட்டி இரண்டு ஆட்கள் ஆட்டுவார்கள். மேலே நிற்பது பாஸ். கண் வழியாகக் கீழே விழுவது கழிவு. வெங்காயத்துக்குக் குறைந்தபட்சம் இன்ன பருமன் இருக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவாம். பருமன் கணக்குப் போட்டவர் பம்பாய்ப் பக்கத்துப் பெரிய வெங்காயத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு போட்டிருக்க வேண்டும். எங்கள் சின்ன வெங்காயம் அந்தக் கண்ணில் மழை மாதிரி இறங்கியது.

மண்டி வாசலில் குடை பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்க ஆரம்பித்தார். அவர் கழிவு வாங்குகிறவர். திரும்ப ஊருக்கு ஏற்றிப்போக மனமில்லாமல் சம்சாரிகள் அவர் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டுப் போனார்கள். அதே வெங்காயம் மறுநாள் டவுன் கடைவீதியில் முதல் தரம் என்று விற்றது. என் அம்மாவே வாங்கிச் சமைத்தாள்.

என் வீட்டுக்காரர் இரண்டு முறை அப்படித் தள்ளிவிட்டு வந்தார். வந்ததும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். அவர் குணம் அது. கோபம் வந்தால் மாட்டோடு போய் நிற்பார்.

மூன்றாம் முறை அவரோடு நானும் போனேன். சண்டை போடப் போகவில்லை. எனக்கு இரண்டாவது பிரசவம், ஏழாவது மாதம். தாய்வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. சரக்கு ஏற்றிய வண்டியிலேயே, மூட்டைகளுக்கு முன்னால் வைக்கோல் பரப்பி என்னையும் ஏற்றினார். மண்டியில் சரக்கை இறக்கிவிட்டு என்னை அம்மா வீட்டில் கொண்டு சேர்ப்பதாக ஏற்பாடு.

மண்டியில் நல்ல வெயில். எங்கள் முறை வந்தது. சோதனை அதிகாரி சின்ன வயசுக்காரர், தஞ்சாவூர்ப் பக்கம் என்று பேச்சில் தெரிந்தது. ஒரு மூட்டையைப் பிரித்துக் கொட்டச் சொன்னார். அழுகல் இல்லை, ஈரம் இல்லை, நிறம் தாமரை மொட்டு மாதிரி. "சரக்கு அருமையா இருக்கு" என்று அவரே சொன்னார். பிறகு ஆட்களுக்குக் கையைக் காட்டினார். சல்லடை ஆடியது. மேலே மிஞ்சியது ஒரு முறத்துக்குக்கூட வராது.

"மூணு மாசம் ஒவ்வொண்ணாத் தொட்டு வளத்தது சார்" என்றேன். "என்ன கொறை சொல்லுங்க."

"கொறை ஒண்ணும் இல்லேம்மா. அளவு இல்லே."

"சின்ன வெங்காயம் சின்னதாத்தானே சார் இருக்கும்?"

அவர் முகம் சங்கடப்பட்டது. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எனக்குத் தெரியாதாம்மா? எங்க வீட்டுச் சாம்பார்லயும் இதுதான். ஆனா உத்தரவுல வெங்காயம்னு ஒரே வார்த்தைதான் போட்டிருக்கு. சின்னது பெரிசுன்னு பிரிக்கல. நான் என்ன பண்றது?"

அவர் தெரியாமல் செய்திருந்தால் நான் சும்மா போயிருப்பேனோ என்னவோ. தெரிந்தே செய்கிறார், தெரிந்தேதான் மண்டிக்காரரும் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார், அங்கே நிற்கிற அத்தனை பேருக்கும் இது அநியாயம் என்று தெரியும், ஆனாலும் சல்லடை ஆடுகிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆட்கள் சல்லடையைக் கீழே வைத்துவிட்டு அடுத்த மூட்டையைத் தூக்கப் போனார்கள். நான் போய் அதன்மேல் உட்கார்ந்தேன்.

கம்பி வலை என் கனத்துக்குத் தாழ்ந்து கொடுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு காலை நீட்டி வாகாக உட்கார்ந்துகொண்டேன்.

முதலில் எனக்கு மயக்கம் என்று நினைத்து ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார். வாங்கிக் குடித்தேன். எழுந்திருக்கவில்லை.

"எந்திரிங்கம்மா. அது கவர்மெண்ட் சாமான்" என்றார் அதிகாரி.

"வெங்காயம் எங்க சாமான் சார். அதை நீங்க சலிச்சுத் தள்ளலாம்னா, இதுமேல நான் செத்த நேரம் உக்காரப்படாதா?"

என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து காதருகில் குனிந்தார். "ஏ புள்ள, எந்திரி. ஊரே பாக்குது."

"பாக்கட்டும். அதுக்குத்தான் உக்காந்துருக்கேன்."

அவர் மாடுகள் பக்கம் நடந்தார். நான் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தேன். இரண்டு உயிராக இருப்பவளைத் தொட்டு இழுக்க எந்த ஆம்பளைக்கும் துணிச்சல் இல்லை. மண்டியில் வெங்காயம் ஆய்கிற பொம்பளைகளைக் கூப்பிட்டுத் தூக்கச் சொன்னார்கள். அவர்கள் வந்து சுற்றி நின்று, "தலையில துணியப் போட்டுக்கத்தா, வெயில் அடிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கோபம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. குஜிலியம்பாறைப் பக்கத்துச் சம்சாரி ஒருவர், பெரிய மீசை, எனக்கு அப்பா வயது இருக்கும். அவர் வண்டி எங்களுக்குப் பின்னால் நின்றது.

"ஏத்தா, ஒன் சரக்குப் போச்சுன்னா எஞ்சரக்கையும் மறிப்பியா? எனக்கு நல்ல திரட்சியான காயி. பாஸாகும்."

"போன தடவை ஒங்க சரக்குல எம்புட்டுப் பாஸாச்சு அய்யா?"

அவர் வாசலில் குடையோடு நின்றவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "பாதி" என்றார்.

"மிச்சத்தை யாரு வாங்குனா?"

 அவர் மீசையைத் தடவிவிட்டு, தோளில் கிடந்த துண்டைத் தரையில் விரித்து எனக்கு எதிரில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த பிறகு மற்ற வண்டிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். கடைசியாக என் வீட்டுக்காரர் மாடுகளை அவிழ்த்து நிழலில் கட்டிவிட்டு வந்தார். ஒரு சொம்பில் மோர் வாங்கி வந்திருந்தார். என்னிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே சம்மணம் போட்டார். கல்யாணமான நாளிலிருந்து அத்தனை பேர் முன்னால் அவர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

பொழுது சாய்கிற நேரத்தில் மதுரையிலிருந்து ஜீப்பில் பெரிய அதிகாரி வந்தார். இறங்கும்போதே சத்தம். போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். "கூப்பிடுங்க சார், அவங்க வீட்லயும் வெங்காயம் திம்பாங்க" என்றார் மீசைக்காரர். யாரோ சிரித்தார்கள். பெரிய அதிகாரிக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும், அடக்கிக்கொண்டார்.

"இதோ பாரும்மா, வெளிநாட்டுல வாங்கறவங்க கேக்கற தரத்துக்குத்தான் இந்த அளவு."

"எந்த வெளிநாடு சார்?"

"பொதுவா வெளிநாடு."

"எங்க வெங்காயம் பொதுவாப் போகலையே சார். கொழும்புக்குப் போகுது. கொழும்புக்காரங்க இதுதான் வேணும்னு வாங்குறாங்க. பெருசு வேணும்னா அவங்க பம்பாய்ல வாங்கிக்க மாட்டாங்களா? தின்கிறவுகளுக்குப் பிடிச்சிருக்கு, வெளைய வைக்கிறவளுக்குப் பிடிச்சிருக்கு. நடுவுல யாருக்கு சார் பிடிக்கல?"

அவர் மண்டிக்காரரைப் பார்த்தார். மண்டிக்காரர் அன்று முதல்முறையாக வாயைத் திறந்தார். "அந்தம்மா சொல்றது நெசந்தாங்கய்யா. கொழும்புல பெருசைத் தொட மாட்டாக."

 பெரிய அதிகாரி, தன் கையில் ஒன்றும் இல்லை, மேலே எழுதிப் போடலாம், அதற்கு மாதக்கணக்கில் ஆகும், அதுவரை இந்தச் சரக்குக்கு முத்திரை வைக்க முடியாது என்று நேராகச் சொன்னார். பொய்ச் சமாதானம் சொல்லாததில் எனக்கு அவர்மேல் கொஞ்சம் மதிப்பு வந்தது.

"எழுதுங்க சார்" என்றேன். "நீங்க எழுதி முடிக்கிற மட்டும் இந்த மண்டிக்கு வெங்காயம் வராது."

அப்படிச் சொல்ல எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? யாரும் இல்லை. வாயில் வந்தது, சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு சுற்றிலும் பார்த்தேன். யாரும் மறுக்கவில்லை. என் வீட்டுக்காரரும் மீசைக்காரரும் ஆளுக்கொரு கையாகப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். கால் மரத்துப்போயிருந்தது. தொடையில் கம்பி வலையின் அச்சு இருந்ததாக அம்மா இரவு எண்ணெய் தேய்த்துவிடும்போது சொன்னாள். அப்பா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், அந்த உத்தரவு ஆங்கிலத்தில் எப்படி எழுதியிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

அன்று வந்த வண்டிகள் எல்லாம் சரக்கோடு ஊர் திரும்பின. குடைக்காரருக்கு ஒரு மூட்டைகூடக் கிடைக்கவில்லை. எங்களால் அப்படி வீம்பு பிடிக்க முடிந்ததற்குக் காரணம் வெங்காயமேதான். தக்காளியாக இருந்தால் இரண்டு நாளில் அழுகி எங்களைக் காலில் விழ வைத்திருக்கும். சின்ன வெங்காயம் பட்டறையில் காத்துக் கிடக்கும். தரைக்கு மேலே கல் வைத்து, மூங்கில் பரப்பி, காற்று ஊடாடும்படி தட்டிகட்டி, மேலே ஓலை வேய்ந்து அதற்குள் கொட்டி வைப்போம். அந்த வருஷம் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு பட்டறை எழும்பியது. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் இதே பேச்சு. மீசைக்காரர் குஜிலியம்பாறைச் சந்தையில் ஆள் ஆளாகப் பிடித்துப் பேசினார். எல்லோரும் தாக்குப்பிடித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் உலை கொதிக்க வேண்டியவர்கள் விற்றார்கள். அவர்களை நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் மண்டி காய்ந்துபோகிற அளவுக்குப் பெரும்பாலோர் நின்றார்கள்.

எனக்குப் பெண் பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு வந்தவர்கள் பிள்ளைக்கு என்ன பேர், சல்லடையா என்று கேட்டுச் சிரித்தார்கள்.

கொழும்புக் கடைகளில் சின்ன வெங்காயம் இல்லாமல் போய், வியாபாரிகள் அங்கிருந்து நெருக்கியிருக்கிறார்கள். தூத்துக்குடித் தோணிக்காரர்கள் தங்கள் பங்குக்குச் சத்தம் போட்டிருக்கிறார்கள். எது யாரை அசைத்தது என்று எனக்குத் தெரியாது. மாசியில், தவக்காலம் தொடங்குகிற சமயம், அந்தத் தஞ்சாவூர் அதிகாரி எங்கள் ஊருக்குச் சைக்கிள் மிதித்து வந்தார். வேர்த்து விறுவிறுத்து நின்றார். சின்ன வெங்காயத்துக்குத் தனி அளவு வந்துவிட்டது என்றார். பழைய சல்லடை இனி இல்லை, கண் சிறிய புதுச் சல்லடை வருகிறது.

"நானும் தனியா எழுதினேம்மா. ஆனா கேட்ட அளவு கொடுக்கல. ரொம்பப் பொடிசு இன்னும் கழிவுதான்."

அவருக்குக் கம்பங்கூழும் வெங்காயமும் கொடுத்தேன். அவர் பொடிசாகப் பார்த்து எடுத்துக் கடித்துக்கொண்டார். "பாதி குடுத்துட்டாங்க இல்ல சார், மிச்சப் பாதிக்கு மறுபடி எழுதுங்க" என்றேன். அவர் தலையாட்டினார். எழுதினாரா என்று தெரியாது. கொஞ்ச நாளில் மாற்றலாகிப் போய்விட்டார்.

அதன்பிறகு சில வருஷம் நன்றாகவே ஓடியது. கிணற்றுக்கு மோட்டார் போட்டோம். அறுபதுகளின் கடைசியில், எங்கள் சரக்கைக் கொழும்பில் இறக்குகிற வியாபாரியே ஒருநாள் மண்டிக்காரரோடு எங்கள் காட்டுக்கு வந்தார். பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம், மூன்று தலைமுறையாகக் கொழும்பு. இத்தனை நாள் பேரை மட்டும் கேள்விப்பட்ட மனிதர் நேரில் வருகிறார் என்றால் நல்ல சேதியாக இருக்காது என்று வரப்பில் அவர் நடக்கிற தினுசிலேயே தெரிந்தது.

"தங்கச்சி, எங்க கவர்மெண்ட் இனி வெங்காயம் எறக்க லைசன்ஸ் கொடுக்க மாட்டாங்க போல" என்றார். "இந்தத் தடவை கொடுத்தது கடைசின்னு பேச்சு."

"இப்ப என்ன அளவாம்?" என்று கேட்டேன். எனக்குப் பழைய சூடு அப்படியே ஏறியது.

"அளவெல்லாம் இல்லம்மா. எங்க நாடு தேயிலை வித்துத்தான் சாப்புடுது. அந்தத் தேயிலைக்கு விலை சொல்றது லண்டன்ல. அவங்க விலையக் கொறைச்சிட்டாங்க. வெளிச்சரக்கு வாங்கக் கையில ஒண்ணும் இல்ல. அரிசிக்கும் மாவுக்குமே தட்டுப்பாடு. வெங்காயத்தை நாமளே போட்டுக்குவோம்னு யாழ்ப்பாணத்துச் சனங்களப் போடச் சொல்லிருக்காங்க."

"அங்க வெளையுமா?"

"நல்லா வெளையும். இதே செம்மண்ணு. இதே மாதிரிக் கெணறு. பொம்பளைங்கதான் குனிஞ்சு ஊன்றாங்க. வெளியிலேருந்து உங்க சரக்கு எறங்குனா அவங்களுக்கு வெல கெடைக்காதாம்."

 சண்டைக்கு எழுந்தவள் கையில் கல்லோடு நிற்கிறேன், எதிரில் பார்த்தால் யாழ்ப்பாணத்தில் என்னைப் போலவே ஒருத்தி நகக்கண்ணில் செம்மண்ணோடு நிற்கிறாள். எறிய முடியுமா? மண்டிக்காரர் அவளைத்தான் திட்டினார். எனக்கு அவளைத் திட்ட வாய் வரவில்லை. வெங்காயம் இன்ன பருமன் இருக்க வேண்டும் என்று எனக்குச் சொன்னவர்களையும் நான் பார்த்ததில்லை, தேயிலை இன்ன விலைதான் என்று அவள் நாட்டுக்குச் சொன்னவர்களையும் அவள் பார்த்திருக்க மாட்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் கை எட்டாத இடத்தில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எட்டாத இடம் என்பதால் அவர்கள் செய்வது நியாயம் ஆகிவிடாது. அன்றும் இதைத்தான் நினைத்தேன், இன்றும் இதைத்தான் நினைக்கிறேன்.

வந்தவருக்குச் சாப்பாடு போட்டு அனுப்பினோம். அவர் போன பிறகு வீட்டுக்காரர், "பேசாமப் புகையிலைக்கு மாறிருவோமா?" என்றார்.

"வெதை வெங்காயம் பட்டறையில கெடக்கு. ஊன்றுவோம்."

"ஊனி? எங்க கொண்டு போய் விப்ப?"

"திங்கிறவுக இருக்குற எடத்துல."

ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கேரளாவுக்குத் தினமும் காய்கறி லாரி போகிறது என்று தெரியும். அந்தச் சந்தைக்கு எங்கள் பக்கத்துச் சம்சாரிகள் அதிகம் போனதில்லை. வேறு பேச்சு, வேறு தரகர்கள். அந்த முறை அறுத்ததும் நாலு வீட்டுச் சரக்கைச் சேர்த்து ஒரு லாரி பிடித்தோம். நானும் முன்னால் ஏறிக்கொண்டேன். வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் சொல்லவில்லை. சொல்லிப் பயனில்லை என்று தெரிந்துகொண்டிருந்தார்.

ஒட்டன்சத்திரத்தில் ஒரு தரகர் வந்து மூட்டையில் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். உள்ளங்கையில் உருட்டினார். உதட்டைப் பிதுக்கினார்.

"ஏனுங்கம்மா, ரொம்பப் பொடுசா இருக்குதுங்களே. இதைப் போயி யாருங்க வாங்குவாங்க?"

"கொழும்புல வாங்குனாங்க."

"அப்போ கொழும்புலயே வித்துக்கோங்க."

பக்கத்தில் நின்ற தரகர்கள் சிரித்தார்கள். பொடிசு என்று சொல்லி அவர் கேட்ட விலை, அந்தக் காலத்துக் குடைக்காரர் கேட்ட மாதிரியே இருந்தது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். உட்கார்ந்துவிடுவாளோ என்ற பயம் அவர் கண்ணில் தெரிந்தது. எனக்கு உட்காரத் தோன்றவில்லை. அவர் கையிலிருந்த வெங்காயத்தைத் திரும்ப வாங்கி, சிந்தாமல் மூட்டைக்குள் போட்டு, வாயை இறுக்கிக் கட்டினேன்.

"நம்ம பட்டறை எங்கயும் ஓடிப்போகல" என்று வீட்டுக்காரரிடம் சத்தமாகச் சொன்னேன். டிரைவரிடம் லாரியைத் திருப்பச் சொன்னேன்.

டிரைவர் ரிவர்ஸ் போடுவதற்குள் தரகர் கூப்பிட்டுவிட்டார்.